சேதுப் பெருவழி – பகுதி 14: சத்திரத்து வைத்தியர்

கோடியக்கரைக் குழகர் கோயிலுக்கு எழுந்தருளிய சுந்தரமூர்த்தி சுவாமிகள், ஒரு பக்கம் கடலும் மற்றொரு பக்கம் காடுமாக, அண்டை அயலில் துணையென்று சொல்ல ஒருவருமின்றி இறைவன் தனித்திருப்பதைக் கண்டு மனம் வருந்திப் பதிகம் பாடினார் என்ற செய்தியோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதி சேது என்று போற்றப்படும் அக்கடலில் நீராடுவதற்காக வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் நெடுந்தூரம் நடந்து வந்த யாத்திரிகர்களுக்கும், ஐப்பசி பிறந்ததும் மீன்பாடு தேடி வேற்றூர்களிலிருந்து வந்து மாசி வரையில் கரையிலே குடிசை போட்டுத் தங்கும் கடல் தொழிலாளிகளுக்கும் அதே தனிமைதான் காலங்காலமாக வாய்த்திருந்தது. நடுச்சாமத்தில் ஒருவருக்குப் பேதி கண்டாலும், காட்டு வழியில் ஒரு பிள்ளையைப் பாம்பு தீண்டினாலும், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு வழியிலேயே வலி எடுத்தாலும், என்ன ஏதென்று கேட்பார் யார், மருந்து கொடுப்பார் யார் என்ற கேள்வி தஞ்சை மண்ணின் இந்தக் கடைக்கோடியில் எழுந்தது போல் வேறெங்கும் அத்தனை கூர்மையாக எழுந்திருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்து அரசும் அளித்த விடையையும், அந்த விடைகளால் ஊரார் செய்துவந்த தர்மங்கள் வளர்ந்ததையும் தேய்ந்ததையும் இப்பகுதியிலே சொல்லப் புகுகின்றோம்.

நோயாளிக்குச் சாலை அமைப்பது சோழநாட்டுக்குப் புதிய வழக்கமல்ல. முதலாம் இராஜராஜனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையின் பெயரால் தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்ற வைத்தியசாலையை ஏற்படுத்தி, அதற்கு நிலமும் விட்டார். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அதிலே பணிபுரிந்த வைத்தியர், சல்லியக் கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவந்து மருந்து அடுபவர் இருவர், பணிப்பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் வார்ப்பவர் ஆகியோரையும், அவரவர்க்குரிய ஜீவிதத்தையும் விரிவாகக் கூறுகிறது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில், வைத்தியர் மகனைக் கோடியக்கரைக் காட்டுக்கு மூலிகை பறிக்க அனுப்பிவைக்கும் கட்டம் நினைவிருப்பவர்கள், அது முற்றிலும் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தக் காடு இன்றும் மருந்துச் செடிகளின் களஞ்சியமாகவே இருக்கிறது. இவ்வூர்க் கோயிலின் இறைவன் அமிர்தகடேசுவரர். முருகனும் கையில் அமிர்த கலசத்தை ஏந்தியே நிற்கிறான்.

சோழர் காலத்தை இவ்வளவில் நிறுத்திக்கொண்டு, நம் தொடருக்கு நேரான மராட்டியர் காலத்துக்கு வருவோம். தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே வமிசத்து மன்னர்கள், வடநாட்டிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகச் சேது வழி நெடுகச் சத்திரங்களைக் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், இராஜாமடத்தில் ஒன்று, மணமேல்குடியில் ஒன்று, மீமிசலில் ஒன்று என்று அவை பெரும்பாலும் அரச குலத்துப் பெண்மணிகளின் பெயரால் விளங்கின. கோடியக்கரையில் நீராடிவிட்டுக் கடலோரமாக மேற்கே திரும்புகிறவர்கள், வேதாரணியம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக இராஜாமடத்தையும் சேதுபாவாசத்திரத்தையும் அடைந்து, அந்தச் சத்திரத் தொடரோடு சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களும் நஞ்சை புஞ்சைகளும் மான்யமாக விடப்பட்டிருந்தன. அந்த நிலங்களின் விளைச்சலே அன்னமாகவும் மருந்தாகவும் வழிப்போக்கர்களைச் சென்றடைந்தது.

1799 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் தேதி, இரண்டாம் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கும்பெனியாரோடு ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அதன்படி தஞ்சைச் சீமையின் பரிபாலனம் முழுவதும் கும்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுதோறும் ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. இராஜ்யம் போனதைக் காட்டிலும் மன்னரின் மனத்தை உறுத்தியது வேறொன்று. சத்திரங்களுக்கு மான்யமாக விடப்பட்ட கிராமங்களெல்லாம் இப்போது கும்பெனியாரின் கலெக்டருடைய எல்லைக்குள் அடங்கிவிட்டபடியால், வரவு செலவுக் கணக்கைப் பார்த்து எந்த நேரத்திலும் யாரேனும் ஓர் உத்தியோகஸ்தர் அந்த மான்யங்களில் கைவைக்கக்கூடும் என்று அவர் அஞ்சினார். 1801 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஞ்சை ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் அந்த அச்சத்திலிருந்து பிறந்ததே. நம் நாட்டுப் பொதுஜன வைத்திய வரலாற்றை எழுதப் புகுகின்ற எவரும் அக்கடிதத்தை முதற் சாசனமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

அக்கடிதத்தில் சொல்லப்பட்டிருப்பவற்றைச் சற்று நின்று நிதானமாகப் பார்ப்போம். பிராமணர் முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஈறாக எல்லா ஜாதியினருக்கும், ஜோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் முதலிய பரதேசிகளுக்கும் சத்திரத்தில் அன்னமிடப்பட்டது. சமைத்த அன்னம் கொள்ளாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமான்களும் அளக்கப்பட்டன. நள்ளிரவு வரையில் இது நடந்து, பிறகு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று உரக்கக் கூவி அழைத்தார்கள். ஒவ்வொரு சத்திரத்திலும் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்களும், எழுத்தறிவிக்கும் உபாத்தியாயரும் இருந்தனர். அவர்களோடு, வியாதிகளையும் வீக்கங்களையும் விஷக்கடிகளையும் தீர்ப்பதில் தேர்ந்த வைத்தியர்களும் சத்திரத்தின் சம்பளப் பட்டியலிலே இடம்பெற்றிருந்தனர். வழியிலேயே நோய்வாய்ப்பட்டு வந்தவருக்கும், வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டவருக்கும் மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, குணமாகும் வரையில் மரியாதையோடும் பரிவோடும் பார்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைப் போற்றினார்கள், சத்திரத்திலே பிரசவம் நேர்ந்தால் செலவு முழுவதையும் சத்திரமே ஏற்றது, பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் அங்கேயே தங்கியிருக்கலாம். பெற்றோரை இழந்த வழிப்போக்கர் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று வேளை சோறும், நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் ஸ்நானமும், உடுத்தத் துணியும், விரும்பிய சாஸ்திரத்தில் கல்வியும் கொடுத்து, கல்வி முடிந்தபின் கல்யாணச் செலவையும் ஏற்றார்கள். சத்திரத்தில் உயிர் நீத்தவருக்கு அவரவர் ஜாதி ஆசாரப்படி ஈமக்கடன் செய்யப்பட்டது.

பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் என்ற அந்த ஒரு விதியை மட்டும் வாசகர்கள் மறவாதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம். பணிபுரியும் தாய்மார்களுக்குப் பேறுகால விடுப்பைச் சட்டமாக்கிய 20 ஆம் நூற்றாண்டின் ராஜாங்கங்கள், முதலில் வாரக் கணக்கிலேதான் அதை அளந்தன. ஊரும் பேரும் தெரியாத ஒரு வழிப்போக்கிக்கு, அவள் யாருடைய குடிபடை என்று கேளாமலே, மூன்று மாதம் கொடுத்திருந்தது தஞ்சைச் சத்திரம். மன்னர் தம் கடிதத்தில், இத்தகைய தர்மங்களால் தஞ்சைக்குத் தர்மராஜ்யம் என்ற பெயர் வழங்கி வந்ததென்றும், அப்பெயரையே தம் வமிசத்தின் தலையாய கௌரவமாகத் தாம் கருதுவதாகவும் தெரிவித்திருந்தார். இராஜ்யத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்ட ஒருவர், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மன்றாடிய அந்த வாக்கியங்களை உணர்ச்சியின்றிப் படிக்க நம்மால் இயலவில்லை.

சரபோஜி வெறும் தர்மவான் மட்டுமல்லர். வைத்தியத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தன்வந்திரி மகால் என்ற ஆராய்ச்சி வைத்தியசாலையை நிறுவி, நாட்டு வைத்தியர்களையும் ஐரோப்பிய முறை அறிந்தவர்களையும் ஒருங்கே வைத்துக்கொண்டு, அனுபவத்தில் பலித்த முறைகளைத் தொகுப்பித்தார். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் தமிழ்ச் செய்யுட்களாக நமக்குக் கிடைத்துள்ளன. கண்புரை முதலிய நேத்திர ரோகங்களுக்கு அங்கே சிகிச்சை பெற்ற நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், கண்களின் சித்திரங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. சத்திரத்து வைத்தியருக்குப் பின்னால் இப்படி ஒரு கல்வி நிலையம் இருந்ததென்பதை நினைவிற் கொண்டால்தான், பின்னால் நேர்ந்த இழப்பின் அளவு விளங்கும்.

கும்பெனியார் சத்திரங்களை உடனே பறித்துக்கொள்ளவில்லை. அவர்கள் செய்தது நிதானமாகச் செய்த காரியம்; அதனாலேயே நிலைத்துவிட்ட காரியம். 1817 ஆம் ஆண்டு ஏழாவது ரெகுலேஷன், கோயில்கள், மசூதிகள், கலாசாலைகள், சத்திரங்கள், பாலங்கள் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருமானம் உரிய காரியத்துக்கே செலவாகின்றதா என்று மேற்பார்க்கும் கடமையை ரெவினியூ போர்டாரிடம் ஒப்படைத்தது. இந்தச் சட்டத்தைக் குறை சொல்லிவிடுவது எளிது. ஆயினும் தர்மகர்த்தாக்கள் பலர் பொது நிலத்தைச் சொந்த நிலமாக்கிக்கொண்டிருந்த அக்காலத்தில் ஒரு மேற்பார்வை வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. 1832 இல் சரபோஜியும், 1855 இல் ஆண்வாரிசு இல்லாமல் அவர் குமாரர் இரண்டாம் சிவாஜியும் காலமானபின், இராஜ்யம் என்ற பெயரும் போய், அரச குலத்தின் கண்காணிப்பில் எஞ்சியிருந்த சத்திரங்களும் சர்க்கார் வசமாயின. 1863 இல் 20 ஆவது சட்டம் வந்தபோது, மத விஷயங்களில் தலையிடுவதில்லை என்ற கொள்கைப்படி சர்க்கார் கோயில்களையும் மசூதிகளையும் கமிட்டிகளிடம் விட்டு விலகிக்கொண்டது. மத ஸ்தாபனமல்ல, பொது தர்மம் என்று வகுக்கப்பட்ட சத்திரமோ சர்க்காரிடமே தங்கிவிட்டது. ஒரே மன்னர் ஒரே சங்கல்பத்தோடு செய்த தர்மங்கள், சட்டத்தின் பார்வையில் இருவேறு ஜாதிகளாகப் பிரிந்தன.

1871 ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும், 1884 ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் அடுத்த மாறுதலைக் கொண்டுவந்தன. சத்திரங்கள் ஜில்லா போர்டின் பொறுப்புக்கு வந்தன. அந்தக் காலத்து அதிகாரிகளின் மனப்போக்கில், வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சோறிடுவது சோம்பலை வளர்ப்பதென்றும், அதே பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவிடுவதே அறிவுடைமை என்றும் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. அன்னதானம் சுருக்கப்பட்டது, சுருக்கியபின் மிஞ்சிய தொகைக்கு உபரி என்று பெயர் வந்தது, அந்த உபரி கல்விக்கும் வைத்தியத்துக்கும் மாற்றப்பட்டது.

இதற்குச் சர்க்காரின் கொள்கையை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. புகைவண்டி வந்துவிட்டது. நிலவரியோடு தனி வரி விதித்துத் தஞ்சை ஜில்லா போர்டாரே போட்ட மாயவரம் – முத்துப்பேட்டை ரயில் பாதை 1894 இல் திறக்கப்பட்டது. 1914 இல் பாம்பன் பாலத்தின் வழியே ரயில் இராமேசுவரத்துக்கே போய்விட்டது. மாதக்கணக்கில் நடந்த யாத்திரை இரண்டு நாளில் முடிந்தது. சத்திரத்துத் திண்ணைகள் காலியாயின. நடக்கிறவர்களே இல்லாத வழியில் நள்ளிரவு மணி யாருக்காக அடிக்க வேண்டும் என்று போர்டு அங்கத்தினர் ஒருவர் கேட்டிருந்தால், அதற்கு விடை சொல்வது கடினமே.

புதிய ஏற்பாட்டால் விளைந்த நன்மைகளையும் மறைக்க மாட்டோம். அரண்மனையாரும் மிராசுதார்களும் கொடுத்த பொருளால் எழுந்து, அதனாலேயே இராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்ற தஞ்சை ஆஸ்பத்திரி, சர்க்காரும் ஊராரும் சேர்ந்தால் எதைச் சாதிக்கலாம் என்பதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. ஜனங்கள் எல்.எப். ஆஸ்பத்திரி என்று அழைத்த உள்ளூர் நிதி வைத்தியசாலைகள் தாலுகா ஊர்களில் தோன்றின. அம்மை குத்துகிறவர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். யாத்திரை வழியோடு பரவிய காலரா என்னும் வாந்திபேதிக்குச் சத்திரத்து வைத்தியரின் சூரணம் போதாது. குடிநீரைக் காப்பதற்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் அதிகாரமுள்ள ஓர் இலாகா வேண்டியிருந்தது. 1924 இல், பனகால் அரசரின் மந்திரிசபை கிராமங்களில் வந்து குடியேறும் டாக்டர்களுக்குப் போர்டு மூலம் உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை வகுத்ததும், சென்னையில் இந்திய வைத்தியத்துக்கு ஒரு பள்ளி காண முற்பட்டதும் நல்ல காரியங்களே.

ஆயினும் ஒன்று போயிற்று. சத்திரத்து வைத்தியர், நோயாளி வந்து விழுகின்ற வாசலிலேயே இருந்தவர். அவருக்குச் சம்பளம் கொடுத்த நிலம் அந்த வட்டாரத்திலேயே விளைந்தது. அவர் கடமை தவறினால் கேட்கும் மணியக்காரரும் அங்கேயே இருந்தார். புதிய ஆஸ்பத்திரி தாலுகா ஊரில் இருந்தது. அதற்குப் பணம் ஜில்லா தலைநகரில் ஒதுக்கப்பட்டது. விதிகள் சென்னையில் எழுதப்பட்டன. தொகை கூடியிருக்கலாம், மருந்தும் மேம்பட்டிருக்கலாம். நோயாளிக்கும் அவரைக் காக்கவேண்டியவருக்கும் இடையிலே தூரம் விழுந்துவிட்டது. அந்தத் தூரத்தின் முழு நீளத்தையும் நடந்தறிந்தவர்கள் கோடியக்கரை போன்ற கடைக்கோடி ஊரார்தாம். 1936 இல் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம், அகத்தியம்பள்ளி வழியாகக் கோடியக்கரைக்கு ரயில் வந்தபோது, அது ஏற்றிச் செல்ல வந்த முதற்பொருள் உப்பு. நோயாளிகளும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள்.

சத்திரங்களின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சரபோஜி எல்லா ஜாதியினருக்கும் என்று எழுதியிருந்தபோதிலும், காலம் செல்லச் செல்ல அந்தத் தர்மம் குறுகி, சத்திர வருமானத்தில் நடந்த மாணவர் விடுதிகளின் சோறும் திருவையாற்றுச் சமஸ்கிருதக் கல்லூரியின் படிப்பும் பெரும்பாலும் ஒரு வகுப்பாருக்கே உரியவை ஆகிவிட்டன. 1920 களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக விளங்கிய சர் ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்கள் மூல சாசனத்தையே எடுத்துப் பார்க்கச் செய்தார். மன்னர் குடும்பத்தார் விட்ட தர்மம் கல்விக்குப் பொதுவாக விடப்பட்டதேயன்றி ஒரு பாஷைக்கென்று விடப்படவில்லை என்பது அதிலிருந்து விளங்கிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் அவருக்குத் துணைநின்றார். திருவையாற்றுக் கல்லூரி தமிழும் கற்பிக்கும் அரசர் கல்லூரி ஆயிற்று. ஒரத்தநாடு, இராஜாமடம் விடுதிகளின் கதவுகள் மற்ற வகுப்பு மாணவர்களுக்கும் திறந்தன. சர்க்கார் கை பட்டாலே தர்மம் கெட்டுவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கருத வேண்டும். தர்மம் செய்தவரின் எண்ணத்தைத் தேடிப் படித்து, அதை விரித்த ஓர் அதிகாரமும் இதே ஜில்லாவில் இருந்தது.

அதற்கு நேர்மாறான அதிகாரத்தை 1930 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இந்த நாடு கண்டது. ராஜாஜி அவர்கள் ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு, ஏப்ரல் 13 ஆம் தேதி திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டு, 150 மைல் நடந்து, வேதாரணியத்தில் உப்பெடுப்பதென்று தீர்மானித்திருந்தார். அப்போது தஞ்சைக் கலெக்டராயிருந்த ஜே. ஏ. தார்ன், நடக்கிறவர்களைத் தடுப்பதைக் காட்டிலும் அவர்களுக்குச் சோறிடுகிறவர்களைத் தடுப்பதே சுலபம் என்று கண்டார். சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ தங்குமிடமோ அளிப்பவர்கள் இந்தியன் பீனல் கோடு 157 ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று துண்டுப் பிரசுரங்களாலும் பத்திரிகைகளாலும் தண்டோராவாலும் ஊரூராக அறிவிக்கச் செய்தார்.

எந்த நாட்டிலே இந்த உத்தரவு பிறந்தது என்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் உண்டோ என்று கூவி அழைத்த நாடு. வழிப்போக்கருக்கு அன்னமிடுவதற்கென்றே கிராமங்களை எழுதிவைத்த நாடு. அன்னமிடுவது அங்கே குற்றமாயிற்று. சத்திரங்களும் தனி மனிதர் வீடுகளும் அந்தத் தண்டோராவைக் கேட்டன; கேட்டும் அடங்கவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களுக்கு விருந்தளித்து, அதற்காகச் சிறை புகுந்தார். வெளிப்படையாக இலையிட அஞ்சிய கிராமத்தார், பொட்டலம் கட்டிய சோற்றைச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்கள். தொண்டர்கள் எடுத்து உண்டார்கள். இன்னார் இட்டார் என்று போலீசாரால் நிரூபிக்க முடியாத அன்னம் அது. ஏப்ரல் 28 இல் அவர்கள் வேதாரணியம் சேர்ந்தனர். 30 ஆம் தேதி, கோடியக்கரைக்கு அண்டையிலுள்ள அகத்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பள்ளிச் சிறையேகினார். அங்கே பாசறையை ஏற்று நடத்திய வேதரத்தினம் பிள்ளை அவர்களும் சிறை சென்றார். அவருடைய சொத்துகளும் பறிபோயின.

அந்த யாத்திரை புறப்பட்ட வீட்டுக்காரராகிய டாக்டர் ராஜன் அவர்கள், ஏழே ஆண்டுகளில், 1937 இல் ராஜாஜியின் மந்திரிசபையில் பொது சுகாதாரத்துக்கும் அறநிலையங்களுக்கும் ஒருங்கே மந்திரியானார். 1863 ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துவைத்த இரண்டு காரியங்கள் ஒரு மனிதரின் மேஜைக்கு வந்து சேர்ந்ததைச் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். அந்த மந்திரிசபைக் காலத்தில் நிறைவேறிய 1939 ஆம் ஆண்டுச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே அவ்வகையில் முன்னோடியானது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், தாய் சேய் நலம் இவற்றோடு, சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே அதில் உண்டு. ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் கூடும் ஜனங்களுக்குக் குடிநீரும் சுகாதார வசதியும் செய்ய வேண்டியது ஸ்தல ஸ்தாபனத்தின் சட்டபூர்வமான கடமையாயிற்று. கருணையால் நடந்து வந்தது உரிமையாக மாறிற்று. இதைச் சிறிய காரியம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

1946 இல் வெளிவந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை கிராமந்தோறும் சர்க்கார் வைத்தியம் எட்ட வேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது. அதே ஆண்டில் வேதரத்தினம் பிள்ளை அவர்கள் வேதாரணியத்தில் கஸ்தூரிபா கன்யா குருகுலத்தைத் தொடங்கி, பெண் குழந்தைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் இல்லமும் கல்வியும் அளித்தார். சர்க்காரின் திட்டமும் ஊர்ப் பெரியவரின் தர்மமும் ஒரே ஆண்டில் பிறந்து, அவரவர் வழியிலே நடந்தன. 1958 ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் விளைவாக ஜில்லா போர்டுகள் கலைந்து, எல்.எப். ஆஸ்பத்திரிகள் ராஜாங்க இலாகாவின் கீழ் வந்தன. சத்திர நிர்வாகம் கலெக்டர் அலுவலகத்தின் ஒரு பிரிவாகத் தங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பரவின; தாயும் சேயும் பிழைப்பதில் தமிழ்நாடு இன்று பாரதத்தின் முன்வரிசையில் நிற்பதற்கு அவையும் ஒரு முக்கிய காரணம். 1967 இல் கோடியக்கரைக் காடு சரணாலயமாயிற்று. மானும் பறவையும் பிழைக்க அது அவசியமே. அன்றிலிருந்து அங்கே செடி பறிக்கக் காட்டிலாகாவின் அனுமதி வேண்டும். மூலிகைகளைக் காக்கத் தனிப் பகுதியும் பின்னர் அங்கே ஒதுக்கப்பட்டது. மூலிகை காக்கப்பட்டது. அதைக் கொண்டு மருந்து அடும் நாட்டு வைத்தியர்களுக்கு அதே அக்கறையோடு ஒரு வழி செய்யப்படவில்லை என்பதே நமது குறை.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப் பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சர்க்கார் வருமுன்னரே கோயில்களும் தர்காவும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. பழைய சத்திர தர்மம் ஒரே இரவில் உயிர்த்தெழுந்தது. பிறகு வெளிநாடுகளிலிருந்தும் பொருள் வந்தது. பெரிய ஸ்தாபனங்கள் பெற்று, கரையோரத்துச் சிறு சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்தன. 2018 நவம்பர் 16 இல் கஜா புயல் வேதாரணியத்தையும் கோடியக்கரைக் காட்டையும் புரட்டிப்போட்டபோதும் அவ்வழியே உதவி வந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்ற நன்கொடையை மற்றொரு ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்குரிய வரம்பு நூற்றுக்கு 50 என்பதிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பணம் முதலில் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றிலேயே வந்து சேர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெளியார் பணத்துக்குக் கணக்குக் கேட்பது எந்த அரசுக்கும் உரியதே. ஆனால் டில்லியில் கணக்குத் திறந்து, கணக்கர் வைத்து, பாரங்கள் நிரப்பும் சக்தியுள்ள பெரிய ஸ்தாபனங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும்; ஒரு செவிலியையும் ஒரு வண்டியையும் வைத்துக் கடலோரக் குப்பங்களில் வேலை செய்யும் சிறு சங்கத்துக்கு, பெரியவர்கள் கைவழியே வந்த சிறு வாய்க்கால் அடைபட்டுவிட்டது. கணக்குக் கேட்கும் கை தலைநகருக்கு நகர்ந்ததும் கரையிலிருந்த வைத்தியம் தூரமாகிப் போன 19 ஆம் நூற்றாண்டின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க நம்மால் முடியவில்லை.

இன்று கோடியக்கரையில் ஒருவருக்கு ஆபத்து என்றால் 108 வண்டியை அழைக்கலாம். வேதாரணியத்தில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. 2022 முதல் நாகப்பட்டினத்தை அடுத்த ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரியே உண்டு. இவையெல்லாம் சரபோஜி கனவிலும் காணாத வசதிகள். அவருடைய சத்திரங்களிலிருந்த ஒன்றை மட்டும் இவற்றோடு சேர்த்துவிட வேண்டுமென்று நாம் கேட்கிறோம். சத்திர நிலங்கள் ஆக்கிரமிப்புப் போக இன்னும் இருக்கின்றன. அவற்றின் குத்தகை வருமானமும் இருக்கின்றது. அவற்றைக் கவனிக்க அதிகாரிகளும் தஞ்சையில் இருக்கிறார்கள். மூல சாசனங்களைப் பன்னீர்செல்வம் காலத்தில் செய்தது போல மறுபடியும் எடுத்துப் படித்து, அவற்றைத் தமிழில் அச்சிட்டு ஜனங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு சத்திரத்தின் வரவையும் செலவையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த வருமானத்திலிருந்து, சேது வழியின் கடலோர ஊர்களில் இரவில் தங்கியிருக்கும் ஒரு செவிலிக்கும், விஷக்கடிக்கு உடனே போடும் மருந்துக்கும், பிரசவத்துக்காகத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களும் துணைக்கு வருவோரும் தங்கியுண்ணும் விடுதிக்கும் ஒரு பங்கை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1801 ஆம் ஆண்டுக் கடிதத்தில் சொல்லியிருப்பதைச் செய்தாலே போதும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் இக்கோரிக்கையைக் கலெக்டரிடமும் சட்டசபையிலும் எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தங்கள் ஊர்ச் சத்திரத்தைப் பற்றிய பழைய பத்திரங்கள், குத்தகைச் சீட்டுகள், கல்வெட்டுப் படிகள் வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றின் நகலை நமக்கு அனுப்பினால் வரும் பகுதிகளில் நன்றியோடு பயன்படுத்திக்கொள்வோம்.